தம்பி உடையான் எதற்கு அஞ்சுகிறான்?

(இளையோர் வாசிப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மற்றவர்களைப் பேசவிட்டுக் கேள்வி கேட்பதுதான் வழக்கமாக என் வேலை. இன்று என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முன் பேசிய ஆசிரியர், காமிக்ஸ் புத்தகங்கள் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கின்றன என்றார். வகுப்பறையில் கண்டதைச் சொன்னார். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால், தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்த காலத்தில் ஒரு பாட ஒப்படைப்புக்காக நானும் கட்டுக் கட்டாகக் காமிக்ஸ் படித்தேன். அப்போது மனத்தில் விழுந்த ஒரு கேள்வி இன்றுவரை போகவில்லை. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

"தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்பது நம் முன்னோர் வாக்கு. கூடப் பிறந்தவன் பக்கத்தில் நின்றால் எந்தப் படை வந்தாலும் பயமில்லை என்று பொருள்.

காமிக்ஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அங்கே நிலைமை தலைகீழ். பதினைந்து பதினாறு வயது வீரன். லாரியைத் தூக்கி எறிவான். துப்பாக்கிக் குண்டு அவனைத் துளைக்காது. எதிரி என்ன செய்கிறான்? அவனை விட்டுவிட்டு, வீட்டில் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருக்கும் தங்கையையோ தம்பியையோ தூக்கிக்கொண்டு போகிறான். அத்தனை பலமும் உள்ள வீரன் அந்த நிமிடமே மண்டியிடுகிறான். தம்பி உடையான் எல்லாவற்றுக்கும் அஞ்சுகிறான்!

பழமொழி பொய்யா, காமிக்ஸ் பொய்யா? இதற்குப் பதில் தேட மூன்று வீடுகளுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். மூன்றும் அமெரிக்கக் காமிக்ஸ் வீடுகள். ஆனால் உள்ளே நடப்பது நமக்குத் தெரிந்த கதைதான்.

முதல் வீடு: சொல்லாத பிள்ளைகள்

1984-ஆம் ஆண்டு மார்வல் நிறுவனம் 'பவர் பேக்' என்ற தொடரைத் தொடங்கியது. எழுதியவர் லூயிஸ் சைமன்சன், வரைந்தவர் ஜூன் பிரிக்மன். இருவரும் பெண்கள். அந்தக் காலத்து சூப்பர் ஹீரோ உலகில் இது அபூர்வம். நாயகர்கள் நான்கு உடன்பிறப்புகள். மூத்தவன் அலெக்ஸுக்குப் பன்னிரண்டு வயது. அடுத்து ஜூலிக்குப் பத்து, ஜேக்குக்கு எட்டு, கடைக்குட்டி கேட்டிக்கு ஐந்து.

அப்பா விஞ்ஞானி. அவருடைய கண்டுபிடிப்பைக் கைப்பற்ற வேற்றுக் கிரகத்துப் பல்லி மனிதர்கள் வந்து தாய் தந்தையரைக் கடத்திவிடுகிறார்கள். இன்னொரு கிரகத்திலிருந்து வந்த, குதிரை முகம் கொண்ட ஒரு நல்லவர், சாகும் தறுவாயில் தம் ஆற்றல்களை இந்த நான்கு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார். மூத்தவனுக்கு எடையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல். இரண்டாமவள் பறப்பாள். மூன்றாமவன் மேகம்போல் விரிவான், கல்போல் இறுகுவான். கடைக்குட்டிக்கு என்ன தெரியுமா? பொருள்களைச் சிதைத்து, அந்தச் சக்தியை உள்வாங்கிப் பந்துபோல் வெடிக்கச் செய்யும் ஆற்றல். நால்வரில் ஆபத்தான ஆயுதம் ஐந்து வயதுக் குழந்தையின் கையில்! எழுதியவர்களுக்குப் பிள்ளைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பெற்றோரை மீட்டுக்கொண்டு வருகிறார்கள். அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால், தங்களுக்கு ஆற்றல் கிடைத்ததைப் பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்வதில்லை. சொன்னால் அம்மா அப்பா கவலைப்படுவார்கள், பயந்துபோவார்கள் என்பதுதான் காரணம். இரவில் வெளியே போய் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டுவிட்டு, காலையில் ஒன்றும் நடக்காததுபோல் மேசையில் வந்து பசியாறுகிறார்கள்.

இந்தத் தொடர் 1991 வரை 62 இதழ்கள் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் நான் பார்த்தது வேற்றுக் கிரகவாசிகளை அல்ல, அலெக்ஸின் முகத்தைத்தான். தம்பி கேட்கவில்லை என்றால் இவன்தான் அதட்ட வேண்டும். தங்கை அழுதால் இவன்தான் தேற்ற வேண்டும். யாருக்காவது அடிபட்டால் இவன்தான் குற்றவாளி. அந்த வீட்டில் மிகக் கனமான பொருளை அவன் தூக்கிக்கொண்டிருந்தான். எடையைக் குறைக்கும் அவனுடைய ஆற்றல் அதற்கு மட்டும் உதவவில்லை.

ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். அதே 1984-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் சிறார் வன்கொடுமையைத் தடுக்கப் பாடுபட்ட ஒரு தேசியக் குழுவுடன் சேர்ந்து மார்வல் ஓர் இலவசக் காமிக்ஸ் வெளியிட்டது. அதில் ஸ்பைடர்மேனும் வருகிறார், பவர் பேக் பிள்ளைகளும் வருகிறார்கள். யாராவது உன்னிடம் தவறாக நடந்தால் அதை மறைக்காதே, நீ நம்பும் ஒரு பெரியவரிடம் போய்ச் சொல் என்பதுதான் புத்தகத்தின் செய்தி. நல்ல செய்தி. ஆனால் சொல்வது யார்? தன் வீட்டில் அம்மாவிடம் வாய் திறக்காத அதே பிள்ளைகள்!

மற்றவர்களுக்குத் தெளிவாகப் புத்தி சொல்லத் தெரிகிறது. தன் வீடு என்று வரும்போது மட்டும் வாய் அடைத்துப்போகிறது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஏனென்றால், நானும் ஓர் அலெக்ஸாக இருந்தவள்.

என் வீட்டுக் கதை

அப்போது நான் படிவம் மூன்று. தம்பி நான்காம் ஆண்டு. அப்பா லாரி ஓட்டுநர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, பெரும்பாலும் மதிய ஷிப்ட். கிளம்பும்போது கதவருகே நின்று அம்மா ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "தம்பியப் பாத்துக்கம்மா."

எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் நான்கைந்து பையன்கள் கூடுவார்கள். பள்ளி விட்டு வரும் சின்னப் பிள்ளைகளை மறித்துக் காசு கேட்பார்கள். தம்பியிடமும் கேட்டார்கள். அவன் நேரே என்னிடம் வந்து சொல்லிவிட்டான். அவன் செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தான். தவறு செய்தவள் நான். "அம்மாகிட்டச் சொல்லாதே, அக்கா பாத்துக்கிறேன்" என்றேன்.

அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிடுவார். வேலையை விட்டால் வீட்டு வாடகை என்ன ஆகும்? பதினைந்து வயதில் என் கணக்கு அதுதான். என் பள்ளிச் செலவுக் காசிலிருந்து தினமும் ஐம்பது காசு தம்பியின் கையில் கொடுத்து அனுப்பினேன். சில வாரங்களில் அது ஒரு வெள்ளியானது. பிறகு இரண்டு வெள்ளி. பள்ளியில் பசியோடு இருந்தேன். ஆனால் மனத்துக்குள் ஒரு பெருமை. என் தம்பியை நான் காப்பாற்றுகிறேன்!

ஒரு நாள் காலையில் காசு கொடுக்க மறந்துபோனேன். பிற்பகலில் எனக்குக் கூடுதல் வகுப்பு. அன்று அவர்கள் துரத்த, தம்பி மூன்றாம் மாடிப் படிக்கட்டிலிருந்து உருண்டான். இடது முழங்கை முறிந்தது.

மருத்துவமனைக்கு அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தார். மருத்துவர் தம்பியிடம் எப்படி விழுந்தாய் என்று கேட்டார். அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு, "நானே தடுக்கி விழுந்துட்டேன்" என்றான். பத்து வயதுப் பிள்ளை. எலும்பு உடைந்த வலியிலும் என் ரகசியத்தைக் காப்பாற்றினான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் கற்றுக்கொடுத்தது பொய் சொல்லத்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அங்கேயே அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. "உன்ன அக்காவா இருன்னுதானே சொன்னேன். அம்மாவா இருன்னு சொன்னேனா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான்தான் அப்படிச் சொல்லிட்டேன் போல" என்றார்.

இரண்டாம் வீடு: சொல்லிவிட்ட பிள்ளை

2006-ஆம் ஆண்டு டி.சி. நிறுவனம் 'புளூ பீட்டில்' என்ற பழைய பெயருக்குப் புதிய நாயகனைக் கொண்டுவந்தது. பெயர் ஹைமே ரேயஸ். உருவாக்கியவர்கள் கீத் கிஃபன், ஜான் ரோஜர்ஸ், கல்லி ஹாம்னர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரில் வாழும் பள்ளி மாணவன். அப்பா வாகனப் பட்டறை வைத்திருக்கிறார், அம்மா தாதி. மிலாக்ரோ என்று ஒரு தங்கை. பட்டறையும் மருத்துவமனையும் மாறி மாறி ஓடும் குடும்பம். இதை நம் மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெளியே கிடந்த நீல நிற வண்டுப் பதக்கம் ஒன்றை அவன் வீட்டுக்கு எடுத்து வருகிறான். அது அவன் முதுகெலும்பில் பதிந்து, கவசமாக விரிகிறது. பெரியதொரு விண்வெளிப் போருக்குப் போய்த் திரும்புகிறான். அவனுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆனதுபோல் இருக்கிறது. வீட்டில் ஓராண்டு ஓடிவிட்டது. பிள்ளை இறந்துவிட்டானோ என்று கலங்கிய குடும்பம் அது.

இந்த இடத்தில் மற்ற காமிக்ஸ் நாயகர்கள் என்ன செய்வார்கள்? ஏதாவது ஒரு கதை சொல்லி மறைப்பார்கள். ஸ்பைடர்மேன் 1962-இல் தோன்றியது முதல் எத்தனையோ ஆண்டுகள் அத்தையிடம் மறைத்தார். ஹைமே மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து குடும்பத்தின் முன்னால் நின்று தன் உருவத்தைக் காட்டிவிடுகிறான்.

அதனால் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. வீட்டார் அதிர்ந்துபோகிறார்கள், தங்கை பயப்படுகிறாள். உண்மையைச் சொல்வது இலவசம் அல்ல என்று அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதன் பிறகு அந்த வீடே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இன்று எங்கே போனாய் என்று அம்மா கேட்பார், அவன் பதில் சொல்வான். தங்கை அவனைக் கேலி செய்வாள். வீரன் வீட்டுக்குள் வீரனாக இல்லாமல் அண்ணனாக இருக்க முடிகிறது. ஆபத்து அந்த வீட்டுக்கும் வரத்தான் செய்கிறது. ஆனால், வாசலில் நிற்பது யார் என்று தெரியாமல் கதவைத் திறக்கும் நிலை அங்கே இல்லை.

தமிழ்ப் பத்திரிகை படிக்கும் உங்களிடம் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2008-இல் வந்த அந்தத் தொடரின் 26-ஆம் இதழ் ஏறக்குறைய முழுவதும் ஸ்பானிய மொழியில் அச்சானது. ஆங்கில வசனத்தைப் பின்பக்கங்களில் போட்டார்கள். குடும்பம் ஒன்றுகூடும் கதை. வீட்டில் பேசும் மொழியிலேயே பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், சொல்வதற்கு வீட்டில் ஒரு மொழி இருக்க வேண்டும் அல்லவா? சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் செய்தாயா என்பதோடு நம் வீட்டுப் பேச்சு நின்றுவிட்டால், பயத்தை எந்தச் சொல்லால் சொல்வார்கள்?

2023-இல் இக்கதை திரைப்படமாக வந்தது. படத்தில் ஹைமே கல்லூரி முடித்தவன், மிலாக்ரோவும் வளர்ந்த பெண். அண்ணனை எதிரிகள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மீட்கப் போவது யார்? தங்கை, அம்மா, மாமா, பாட்டி என்று மொத்தக் குடும்பமும் கிளம்புகிறது! எதிரி தூக்கிப்போக வேண்டிய தங்கை, எதிரியைத் தேடிப் போகிறாள். பழமொழி அங்கே உயிர் பெறுகிறது.

மூன்றாம் வீடு: பங்கு போட்ட பிள்ளை

'ஷஸாம்' என்று கத்தினால் பெரிய வீரனாக மாறும் சிறுவன் பில்லி பேட்சன். 1940-இல் தோன்றிய பாத்திரம். அவனுக்கு மேரி என்ற இரட்டைச் சகோதரி இருப்பதை 1942-இல் கதையில் கொண்டுவந்தார்கள். அவளும் ஆற்றல் பெற்றாள். பிறகு ஜெஃப் ஜான்ஸ் எழுத, கேரி ஃபிராங்க் வரைந்த கதையில், பில்லி ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்கு வருகிறான். அங்கே ஃப்ரெடி, மேரி, பெட்ரோ, யூஜின், கடைக்குட்டி டார்லா என ஐந்து பிள்ளைகள். ஒருவருக்கொருவர் இரத்த உறவில்லாத உடன்பிறப்புகள். 2019-இல் வந்த 'ஷஸாம்' திரைப்படம் இந்தக் கதையை ஒட்டியது.

படத்தில் பில்லிக்குப் பதினான்கு வயது. பெற்ற தாயைத் தேடி ஓடிக்கொண்டே இருப்பவன். யாரும் தனக்குச் சொந்தமில்லை என்ற எண்ணம். வில்லன் பெயர் சிவானா. நம்மவர் பெயர்போல இருக்கிறது, ஆனால் நம்மவர் இல்லை! அவன் பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்துக்கொள்கிறான். ஆற்றலைக் கொடு, இவர்களை விடுகிறேன் என்கிறான். வழக்கமான காட்சிதான். வழக்கமாக வீரன் மண்டியிடுவான், கடைசி நொடியில் அதிர்ஷ்டம் கைகொடுக்கும்.

பில்லி வேறொன்று செய்கிறான். மந்திரக்கோலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தன் ஆற்றலை ஐந்து பேருக்கும் பங்கு போட்டுவிடுகிறான். பணயமாக இருந்தவர்கள் படையாகிவிடுகிறார்கள். அதுவரை தனியாளாக அடிவாங்கியவனுக்குப் பக்கத்தில் இப்போது ஐந்து பேர்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பழமொழி பொய்யில்லை. ஆனால் அதற்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் – படை வருவது தம்பிக்குத் தெரிந்திருந்தால். தெரியாத தம்பி பணயக் கைதி. தெரிந்த தம்பி துணை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

சின்னப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பயமுறுத்தச் சொல்கிறீர்களா என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுக்கு ஏற்ற அளவு சொன்னால் போதும். யார் வந்தால் கதவைத் திறக்கலாம், யாரோடு போகக் கூடாது, பயமாக இருந்தால் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்பவை பயமுறுத்தல் அல்ல. சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுப்பதுபோல்தான்.

உண்மையான சிக்கல் மூத்த பிள்ளைகளிடம் இருக்கிறது. வீட்டு நிலைமை அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்பாவின் கடன் தெரியும், அம்மாவின் களைப்பு தெரியும். இன்னொரு சுமையை நாமும் ஏற்றக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்களை நாம், "எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்று ஊர் கூடிப் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டே அவர்களுக்கு முகமூடியாகிவிடுகிறது.

நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தில் 33-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தகுந்த கவனிப்புக்கு ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம் என்கிறது. வயிற்றுப் பிழைப்புக்காக ஓடும் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. என் அம்மாவும் அப்படி ஓடியவர்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாதுகாவலர் ஆகிவிட முடியாது, அவனும் பாதுகாக்கப்பட வேண்டியவன்தான் என்பதை நினைவுபடுத்தவே சொல்கிறேன்.

அதனால் வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களே, தந்தைமார்களே, "தம்பியப் பாத்துக்கோ" என்று சொல்லுங்கள், தவறில்லை. அதோடு நின்றுவிடாமல் இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "எது நடந்தாலும் என்கிட்டச் சொல்லு. நான் திட்ட மாட்டேன், வேலையையும் விட மாட்டேன்." பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் காட்டுங்கள். கைத்தொலைபேசியில் உங்கள் எண்ணோடு தாலியான் காசே 15999 என்ற உதவி எண்ணையும் பதிந்து கொடுங்கள். பிள்ளை என்ன காமிக்ஸ் படிக்கிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இவன் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதில் புத்தகத்தைப் பற்றியதாக மட்டும் இருக்காது.

பின்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களுக்கும் ஒன்று. மறைப்பது வீரம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். என் தம்பியின் இடது கை இன்றும் முழுதாக நீளாது.

அவன் இப்போது வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். 2019-இல் 'ஷஸாம்' படத்துக்கு என்னை அழைத்துப் போனவனும் அவன்தான். ஆற்றலைப் பங்கு போடும் அந்தக் காட்சியில், என் பெயரைச் சொல்லுங்கள் என்று பில்லி கத்துவான். மந்திரப் பெயரைச் சொல்லாமல் பிள்ளைகள் எல்லாரும், "பில்லி!" என்று கத்துவார்கள். அரங்கமே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். படம் முடிந்து மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது தம்பி திடீரென்று சொன்னான்: "அக்கா, அன்னிக்கு நாம மூணு பேரும் பங்கு போட்டிருக்கலாம். நீ, நான், அம்மா."

பதினைந்து வயதில் எனக்குத் தோன்றாதது அது. உங்கள் வீட்டில் இருக்கும் பதினைந்து வயதுக்கு இன்றிரவே தோன்றட்டும்.